வலு என்கிற கணக்கு

எது உறுதியாக வலுவான வகுப்பு என்பது, இணையவழிப் பாத்திர விளையாட்டுகளுக்குள் நுழைகிற ஒவ்வொருவனும் முதலில் கேட்கிற கேள்வி. இதில் 'வலு' என்ற சொல்லைவிட 'உறுதியாக' என்ற சொல்தான் என் கவனத்துக்குரியது. ஜெயிப்பதைப் பற்றிய ஆசையைவிட ஏமாந்துபோவதைப் பற்றிய பயமே அதில் அதிகம். நடுத்தர வர்க்கத்தின் கேள்வி இது. தமிழில் கவிதை எழுத வருகிறவனும் ஏறக்குறைய இதையே, வேறு சொற்களில், கேட்டுக்கொண்டுதான் வருகிறான்.

இந்த விளையாட்டுகளின் மூதாதை, 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவது. அதில் மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு. முதலில் மூன்று பகடைகளை உருட்டி, உடல்வலிமை, அறிவு முதலான ஆறு குணங்களுக்கும் 3இலிருந்து 18வரை எண் பெற வேண்டும். வகுப்பைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான். அதாவது பிறப்பு முன்னால், தேர்வு பின்னால். 'வகுப்பு' என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள இன்னொரு அர்த்தத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரிசையில் அதிசயம் ஏதும் இராது.

2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' பகடையை ஒழித்துவிட்டது. ஒன்பது வகுப்புகள் வரிசையாக நிற்கின்றன. விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்ற தோற்றம். தோற்றம்தான். பாலடின் ஒரு கட்சிக்கு மட்டும், ஷாமன் எதிர்க்கட்சிக்கு மட்டும் என்றிருந்த தடை 2007இல்தான் நீங்கியது. எந்த இனத்துக்கு எந்த வகுப்பு என்ற கட்டுப்பாடும் இருந்தது. முழுச் சுதந்திரம் என்று எதுவும் விற்பனைக்கு வருவதில்லை.

என் அக்கா மகன் இவ்விஷயத்தில் பண்டிதன். "மாமா, யோசிக்காம ஹண்டர் எடுங்க. தனியா ஆடறவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. வேட்டைக்காரன் பத்தாவது லெவலில் ஒரு மிருகத்தைப் பழக்கிக்கொள்கிறான். மிருகம் அடி வாங்குகிறது. இவன் தூரத்தில் நின்று அம்பெய்கிறான். முப்பதாவது லெவலில் செத்தவன்போலப் படுத்துத் தப்பிக்கிற வித்தையும் கைவந்துவிடுகிறது. நிரந்தர வைப்பு மாதிரி. பெரிய லாபம் இல்லாவிட்டாலும் முதலுக்கு மோசம் வராது. ஆனால் அறுபதாவது லெவலுக்குப் பிறகு, நாற்பது பேர் சேர்ந்து இறங்குகிற குகைகளில், ஆயுதங்கள் மேம்பட மேம்பட மற்றவர்கள் வளர்கிற வேகத்தில் இவன் வளர்வதில்லை. மாக்மதார் என்கிற மிருகத்துக்கு வெறி பிடிக்கும்போது அதைத் தணிக்கிற அம்பு இவனிடம் மட்டுமே உண்டு என்பதற்காகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வாரியரின் கதை நேர்மாறு. அடிக்கும்போதும் அடிபடும்போதும் அவனுக்குள் கோபம் சேர்கிறது. சேர்ந்த கோபம்தான் அடுத்த வெட்டுக்கு மூலதனம். நல்ல வாள் இருந்தால் அடி பெரிது, அடி பெரிதானால் கோபம் அதிகம், கோபம் அதிகமானால் வெட்டும் அதிகம். வட்டிக்கு வட்டி. முதல் இல்லாத ஆரம்பக் காலத்தில் மட்டும் அவன் பாடு பரிதாபம்: ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உட்கார்ந்து ரொட்டி தின்று, காயத்துக்குக் கட்டுப்போட்டு, எழுந்து நடக்க வேண்டும்.

இங்கேதான் விமர்சகனுக்கு வேலை வருகிறது. 2004க்கும் 2006க்கும் இடையில் வாரியரைப் பெரும்பாலும் கேடயம் என்றே கருதினார்கள். முன்னால் நின்று அடி வாங்குவது அவன் வேலை, கொல்வது ரோக், மேஜ் போன்றவர்களின் வேலை என்பது பொது அபிப்ராயம். 2006ஆம் ஆண்டின் விதிகளை ஆதாரமாக வைத்து 2019இல் அதே விளையாட்டை மீண்டும் திறந்தார்கள். இந்தத் தடவை, கொல்கிறவர்களின் வரிசையில் வாரியர்களே முன்னால் நின்றார்கள். பிரதி ஏறத்தாழ அதேதான், வாசிப்பு மாறிவிட்டது. இடையில் பலர் எண்களை உட்கார்ந்து படித்திருந்தார்கள். மாறாத விதிகளைக் கொண்ட உலகத்திலேயே வலு என்பது இப்படி இடம்பெயருமானால், விதிகள் நாளும் திருத்தப்படுகிற மற்ற விளையாட்டுகளில், அல்லது இலக்கியத்தில், தரவரிசை போடுகிறவர்களின் தன்னம்பிக்கை எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இன் வாரியர் தனியாக வலுவானவன் அல்லன். நகரங்களில் கிடைக்கிற ஆசிகளைச் சேகரித்துக்கொண்டு, நல்ல ஆயுதத்தை மற்றவர்கள் விட்டுக்கொடுக்க, பின்னால் பிரீஸ்ட் நின்று குணப்படுத்திக்கொண்டே இருக்க, அவன் வெட்டுகிறான். பட்டியலில் தெரிகிற எண் அவனுடையது. அதை உண்டாக்கியவர்கள் பலர். வலு என்பது ஒரு வகுப்பின் குணமா, ஒரு உறவின் விளைவா என்ற கேள்வியைப் பட்டியல்கள் கேட்பதில்லை.

எனக்கு இது வெறும் விளையாட்டு விஷயம் இல்லை. நான் பாங்கில் குமாஸ்தா. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு உறுதியாக வலுவான வகுப்பு இதுதான் என்று அப்பா எடுத்துக்கொடுத்தது. இந்த வருஷம் பதவி உயர்வுப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். ஆபீஸரானால் சம்பளம் கூடும். ஊர் ஊராக மாற்றலும் வரும். எழுதாவிட்டால் இதே கவுண்ட்டர், இதே ஊர், மாலையில் இதே நான்கு நண்பர்கள், இந்தப் பத்திரிகையின் பக்கங்கள். எது உறுதியானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்கு, யாரோடு என்று ஒருவரும் கேட்கவில்லை. என் எழுத்துக்கு ஏதாவது வலு இருக்குமானால், கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிற அந்த நால்வரிடமிருந்து வந்தது அது. மாற்றல் உத்தரவில் அவர்கள் பெயர் இருக்காது. மனைவியிடம் இதைச் சொன்னபோது, சம்பள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்தாள். அதுவும் நியாயமான விமர்சனம்தான். ஆயினும் பரீட்சைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.

விளையாட்டில் பிரீஸ்ட் எடுத்திருக்கிறேன். தனியாகப் போனால் மெதுவாகத்தான் கொல்வான். ஆனால் ஊர் வாசலில் வந்து நின்றால், கூட வருகிறாயா என்று யாராவது கேட்காத இரவு அநேகமாக இல்லை.