சட்டுன்னு கழட்ட முடியாத ஷூ

அக்கா மகன் ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். போன மாசச் சம்பளத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கி வந்தான். கணுக்காலை மூடுகிற கூடைப்பந்து ஷூ. மைக்கேல் ஜோர்டனுக்காக நைக்கி 1985இல் கொண்டுவந்த மாடலின் நகல். பழைய மாடல்தான் இப்போது நாகரிகமாம். கம்பெனிக்குள்ளே வேறு ஷூ கொடுக்கிறார்கள். இது பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும்.

நைனாவிடம் கொடுத்தேன். நாற்பது வருசம் குத்தூசி பிடித்தவர். கவிழ்த்தார், வளைத்தார், மோந்து பார்த்தார்.

"தோல் இல்லடா, ரெக்சின். முன்னால பொத்தல் போட்டிருக்கான், இருந்தாலும் சித்திரை வெயிலுக்குக் கால் வேகும். விரல் மடங்குற எடத்துல வெடிக்கும். அடி ரப்பரு கிண்ணம் மாதிரி, மேல்பாகத்தை உள்ள வச்சுச் சுத்தித் தச்சிருக்கான். தையல் பிரியாது. தட்டையான அடி, பஸ்ல நின்னுக்கினு போவத் தாங்கும். ஓடுறதுக்கு ஆவாது, கனம்."

அப்புறம் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை கண்ணுல கோத்திருக்கான். சட்டுன்னு கழட்ட வராதே?"

எனக்குச் சுருக்கென்றது. கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் கிராமத்தில், ஊர்த்தெரு முனையில் செருப்பைக் கழட்டிக் கையில் பிடித்துக்கொள்வார் நைனா. ஆறாம் வகுப்புக்குப் போகும்போது நானும் அப்படித்தான். அவர் தைத்த செருப்பு ஊர்க்காரன் காலில் அதே தெருவில் நடக்கும். தைத்தவன் வெறுங்காலோடு போவான்.

ஜோர்டனின் கறுப்பு சிவப்பு ஷூ விதிக்குப் பொருந்தாதென்று அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 1985இல் கடிதம் எழுதியது. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கி விற்றது. நம்ம தடையை யார் விளம்பரம் செய்வார்கள்? திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் கம்பள நாயக்கன் தெருவில் தலித் மக்கள் 60 பேர் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பர் 24இல். பொது இடத்தில் தலித் மக்கள் செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றமென்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் வருசத் திருத்தமே சொல்லிவிட்டது. சட்டம் வந்தும் தெருவுக்கு வர இத்தனை வருசம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிராமத்துக்குப் போனோம். ஊர்த்தெரு முனையில் நைனா பழக்கத்தில் குனிந்தார்.

"வா தாத்தா, எனக்குக் கயிறு அவுக்கவே கால்மணி ஆவும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான் பையன். திண்ணையிலிருந்து பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். சொன்னாலும் அடுத்த வாரமும் போவோம்.

அன்றாடத்துக்கு இந்த ஷூ ஆகுமா? வெயிலுக்குச் சுமார்தான், விலையும் அதிகம். ஆனால் எங்கள் ஊர்த்தெருவில் நடக்க ஆகும்.