கிளச் கருகும் வாசம்

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெண்களுக்கு என்ன எழுத்து என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மலைநாட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவது நாம்தானே. கிளச் கருகினால் அதன் செலவு நம் சீட்டுக் காசில்தான் வந்து முடிகிறது.

என் கணவர் தோட்டங்களுக்குப் புடவை கொண்டுபோய்த் தவணைக்குக் கொடுப்பவர். ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறி இறங்கி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை போவார். பெரிய றோட்டாவது பரவாயில்லை. லயங்களுக்குப் பிரியும் கல் றோட்டுதான் வண்டியைத் தின்கிறது.

முதல் கியரில் இன்ஜின் கத்துகிறது, பெற்றோல் வீண் என்று இரண்டாவதில் எடுப்பது அவர் பழக்கம். ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் பிரேக்கை மிதிக்காமல், கிளச்சைப் பாதி பிடித்தே வண்டியை நிறுத்தி வைப்பார். இரண்டு வருடத்தில் இரண்டு முறை பிளேட் மாற்றினோம். இரண்டாம் முறை மகளின் டியூஷன் காசு போயிற்று.

கராஜ் பாஸ் கழற்றிய பிளேட்டை என் கையிலேயே தந்து விளக்கினார். எண்ணெயில் ஊறிய வட்டத் தகடுகளை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்தால் இன்ஜினின் பலம் சில்லுக்குப் போகும். பாதி பிடித்தால் தகடுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் தகட்டின் பூச்சு கருகும். முதல் கியரில் கிளச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் எடுத்தால் வேகம் ஒத்துவரும்வரை வழுக்கியே ஆகவேண்டும். அதிலும் புடவை மூட்டையும் மனைவியும் பிள்ளையும் ஏறியிருந்தால் சொல்லவே வேண்டாம். கிளச் லீவர் இல்லாத சாலி ஓட்டும் சகோதரிகளுக்கும் இதே கதைதான். உள்ளே தானாகப் பிடிக்கும் கிளச்சும் அப்படியே தேயும்.

இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை என்றால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லீவரில் கொஞ்சம் தளர்வு இல்லாவிட்டாலும் கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். காருக்குரிய ஒயிலை மலிவென்று ஊற்றுவதும் அதே வினைதான்.

பிளேட் போனால் காசோடு போகும். எனக்குப் பயம் இறக்கம்தான். 2022இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அப்போதுதான் பலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடப் பழகினார்கள். இவரும்தான். மிஞ்சுவது ஒரு மிடறு பெற்றோல். இன்ஜின் இழுத்துப் பிடிக்காதபோது முழுப் பாரமும் பிரேக்கில் விழும். சூடேறினால் அதுவும் கைவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்க வேண்டும் என்றார் பாஸ். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லக் குறுக்குப் பாதையில் பஸ்ஸொன்று மோதி 7 பேர் மௌத்தானார்கள். அது பஸ்தான், ஆனால் நாங்களும் இறங்குவது அந்த மலையில்தான்.

அவரோடு நான் வாதாடவில்லை. கருகிய பிளேட்டைக் கடன் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பயண துஆ ஓதி முடிந்ததும், "முதலாம் கியரா?" என்று கேட்பேன். முகத்தைச் சுளித்தாலும் காலை அழுத்தி முதலாவதில் போடுகிறார். இப்போது மகளும் கேட்கத் தொடங்கிவிட்டாள்.