சோளகமும் சைக்கிள் கடையும்

சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். மருதனார்மடம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று காங்கேசன்துறை வீதி தெற்கே இறங்குகிறது. இறங்குகிறது என்பது சும்மா பேச்சுக்குத்தான். வழியில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஆனால் வைகாசி தொடங்கிச் சோளகம் எழுந்துவிட்டால் அதே பாதை மலையேற்றமாகிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று, தெற்கே போகிறவரின் முகத்தில் அடிக்கும். மணிக்கு 12 கிலோமீற்றரில் மிதிப்பவருக்கு எதிரே 15 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், அவர் உடம்பு 27 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்குகிறது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். காலையில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகிறவர் வியர்த்துக் கொட்டிப் போய்ச் சேர்ந்து, பின்னேரம் தள்ளிவிட்டதுபோல வீடு திரும்புவது இதனால்தான்.

"காத்தோட நான் ஒண்டும் செய்ய ஏலாது தம்பி. சைக்கிளே ஆளைப் பிடிச்சு இழுக்குது எண்டால் அதை நான் பாக்கலாம்." சுன்னாகம் சந்தைக்குக் கிட்டச் சைக்கிள் திருத்தும் பெரியவர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். கடை என்றால் தகரக் கூரை, முன்னால் ஒரு வாங்கு, ரியூப்பை அமிழ்த்திப் பார்க்கத் தண்ணீர்த் தாச்சி, கூரை வளையில் தொங்கும் பழைய ரயர்கள். விடியப்புறம் மரக்கறி கொண்டு வரும் தோட்டக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். தோட்டக்காரர் சைக்கிளின் கரியரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடையில் வாங்கியது அப்படியே இருக்காது. இரும்புப் பட்டம் வைத்து ஒட்டி, இரண்டு வாழைக்குலையைக் குறுக்கே கட்டும் அளவுக்கு அகலமாக்கியிருப்பார்கள்.

நான் போன நேரம் அப்படியொரு சைக்கிளின் பின்சில்லு கழற்றப்பட்டு அவர் மடியில் கிடந்தது. அச்சைக் கழற்றிக் குண்டுகளை ஒரு மூடிக்குள் கொட்டினார். பின்சில்லில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. முன்சில்லில் பக்கத்துக்குப் பத்து, அளவு சிறியது. குண்டுகளில் இரண்டு மங்கியிருந்தன. இரண்டை மட்டும் மாற்றலாமே என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "புதுக் குண்டு மயிரளவு பெரிசாய் இருக்கும். பாரம் முழுக்க அந்த ரெண்டிலதான் விழும். மாத்தினால் எல்லாத்தையும் மாத்தோணும்." பழைய கிறீஸ் செந்நிறமாக இருந்தது. வலிகாமத்துச் செம்மண் தூசு கிறீசோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். கிறீஸ் இல்லாமல் ஓடுவதைவிட இந்தப் பசையோடு ஓடுவது கேடு என்பது அவர் கட்சி. அச்சில் குண்டுகளைத் தாங்கும் கோனின் முகத்தை நகத்தால் தடவச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் நகத்தில் தட்டியது.

கோனை இறுக்குவதில்தான் தொழில் இருக்கிறது. இறுக்கம் கூடினால் சில்லு சுற்றாது. குறைந்தால் சில்லு ஆடி, குண்டுகள் ஓடும் கிண்ணம் தேயும். இதை அளக்கக் கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. சில்லைப் பூட்டி, சைக்கிளைத் தூக்கி, காற்றடிக்கும் வால்கட்டையை மூன்று மணித் திசையில் நிறுத்திக் கையை எடுத்தார். வால்கட்டையின் சின்னப் பாரத்திலேயே சில்லு மெல்ல அசைந்து, அங்கும் இங்கும் ஊஞ்சலாடி, வால்கட்டை அடியில் வந்து நின்றது. நடுவழியில் அப்படியே நின்றிருந்தால் இறுக்கம் கூடிவிட்டது என்று பொருள். பிறகு ரயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆட்டமில்லை. வேலை முடிந்தது. வீட்டிலே எவரும் செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனையை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? எதிர்க்காற்றைத் திட்டுபவர்கள் முதலில் தங்கள் சில்லைத் தூக்கிப் பார்க்கட்டும்.

கழுவிய மண்ணெண்ணெயை அவர் நிலத்தில் ஊற்றவில்லை. மூடி போட்ட தகரத்துக்குள் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மறுபடி எடுக்கிறார். சிக்கனம் ஒரு காரணம். இன்னொன்றை அவர் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் மின்நிலையச் சூழலில் இருந்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பாயிற்று. சுண்ணக்கல்லின் மேல் குடியிருப்பவர்கள் நாங்கள். மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் எடுக்காது.

அடுத்து வந்தது ஒரு கியர் சைக்கிள். வெளிநாட்டு மாமா அனுப்பிய காசில் வாங்கியதாம். கொண்டுவந்த உயர்தர வகுப்புப் பெடியனுக்கு முகம் சுண்டியிருந்தது. "பிறேக் தேய்க்குது அண்ணை." பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அண்ணைதான். சில்லைச் சுழற்றியதும் நெளிவு தெரிந்தது, இரண்டு மில்லிமீற்றர் இருக்கலாம். பழைய ரலியிலோ ஹம்பரிலோ இவ்வளவு நெளிவை ஓடுகிறவர் கவனித்திருக்கவே மாட்டார். அவற்றின் கம்பி பிறேக்கில் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அச்சைப் பார்த்த பக்கத்தைத்தான் அழுத்தும். ரிம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் கட்டையில் முட்டாது. புது மாதிரிகளில் கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்வுகின்றன. பிடி கூட, அதனால் பொறுமை குறைவு. பழைய சைக்கிள் உறுதி, புதுசு சொத்தை என்று ஊரில் சொல்வதில் பாதி இந்தக் கணக்குத்தான். மிச்சப் பாதி உண்மையிலேயே சொத்தை.

அவர் கட்டையையே அளவுகோலாக வைத்து, நெளிவு முட்டும் இடத்தில் சோக்கால் கோடு போட்டார். வலப்பக்கம் இழுத்திருந்தால் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தை அதே அளவு தளர்த்துவது. ஒரேயடியாக முழுச்சுற்று சுற்றுபவன் ரிம்மை முட்டையாக்கிவிடுவான் என்றார். இடையிடையே கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்டார். ஒரு கம்பி செத்த ஓசை தந்தது. "இவன்தான் வேலை செய்யாமல் இருந்தவன். மற்றவங்கள் இவன்ரை பங்கையும் தூக்கித் தூக்கி உடையப் போறாங்கள்."

அந்தப் பெடியனுக்கு ரயரும் மாற்ற வேண்டியிருந்தது. '26 அங்குலம்' என்று கேட்டு ஒரு ரயரை வாங்கியும் வந்திருந்தான். அது ஏறவில்லை. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் உண்டு. மலைச் சைக்கிளின் ரிம் 559 மில்லிமீற்றர். சாதாரண 26 × 1⅜ சைக்கிளுக்கு 590. அதேபோல் பழைய 28 × 1½ சைக்கிளின் 635உம், 28 என்றே சில ரயர்களில் அச்சிடும் 622உம் வேறு வேறு. ரயரின் பக்கத்தில் 40-635 என்பதுபோல் ஓர் இலக்கம் இருக்கும். முன்னது அகலம், பின்னது ரிம் பொருந்தும் விட்டம். கடைக்குப் போகும்போது அந்த இரண்டாம் இலக்கத்தைச் சொன்னால் அலைச்சல் மிச்சம். ஊரில் ஓடிய சைக்கிள்களெல்லாம் ஓரிரு அளவிலேயே இருந்த காலத்தில் ஒரு கடை ஊருக்கே போதுமாயிருந்தது. இப்போது பெரியவரின் கூரையில் எல்லா அளவும் தொங்குகின்றன, தேவையான அளவு மட்டும் தீர்ந்துபோயிருக்கிறது.

செயினுக்கு அவரிடம் ஓர் அடிமட்டம் உண்டு. புதுச் செயினில் 12 அங்குலத்துக்குச் சரியாக 24 இணைப்பு. அதே 24 இணைப்பு பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூட நீண்டிருந்தால் மாற்றச் சொல்வார். எட்டில் ஒரு பங்கு என்றால் பிறீவீலின் பற்களும் போயிருக்கும், இரட்டைச் செலவு. சீற் உயரத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துவரவில்லை. பெடல் கீழே இருக்கும்போது குதிக்கால் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும், அந்த உயரத்தில்தான் மிதிப்பு வீணாகாது. இங்கே பெரும்பாலோர் அதைவிட நாலு விரல் தாழ்த்தி ஓடி முழங்கால் நோகிறது என்கிறார்கள். "ஐம்பது கிலோ வெங்காயத்தோட சந்தியில நிக்கிறவனுக்குக் கால் நிலத்தில முட்டோணும்" என்றார். தோட்டக்காரருக்குச் சரி. புத்தகப் பை மட்டும் சுமக்கும் பிள்ளைக்கு ஏன்?

1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி நான் கேட்காமலே சொன்னார். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, குடாநாடே சைக்கிளில் ஓடிற்று. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட இரவுகள் அவை. ரயரின் வெடிப்புக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது சைக்கிள்கள் ஓடவில்லை, மூட்டைகளோடு உருட்டப்பட்டன. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. 2022இல் எரிபொருள் வரிசை நீண்டு, யூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்த வாகனங்களுக்கு விநியோகம் நிறுத்தப்பட்டபோது, கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் இவர் வாசலுக்கு வந்தன. எரிபொருள் வந்ததும் அவற்றில் பாதி கொட்டிலுக்கே திரும்பின.

புது ரியூப்புக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள், அரை மணி நேரம் நெளிவெடுத்த கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள். நான் இருந்தபோதே இரண்டு பேர் பேசினார்கள். பெரியவர் இரண்டு பேருக்கும் குறைத்தார். எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூப் ஒட்டும் பெடியன் ஒருவன் அங்கே இருக்கிறான். ஒட்டுவதற்கு முன் ரயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து முள் தேடுகிறான், நன்றாகப் பழகியிருக்கிறான். அண்ணையின் கடையை நீதான் நடத்தப் போகிறாயா என்று கேட்டேன். "இல்லை, மோட்டச் சைக்கிள் கராச்சுக்குப் போகப் போறன். அங்க ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சவனைத்தான் எடுக்கினம்" என்றான். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே கம்பி இறுக்கும் நிப்பிள் சாவியை அவனிடம் நீட்டி, அந்தக் கியர் சைக்கிளின் முன்சில்லைப் பார்க்கச் சொன்னார்.