ஏழு நாள் நோட்டு

விடுமுறைக்குப் போய் வந்த இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் இன்னும் போகாத ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள் நண்பர்களே!

என் அப்பா பட்டாளத்தில் இருக்கிறார். இப்போது ராஜஸ்தானில், ஜெய்சல்மேர் பக்கம். போனில் பேசினாலே "சோத்துல மணல், போர்வையில மணல், காதுக்குள்ள மணல்" என்பார். ஆடி மாசம் ஒரு நாள், "ஏலே, டிசம்பர்ல பதினஞ்சு நாள் லீவு கேட்டிருக்கேன். நீயும் அம்மாவும் இங்க வாங்க. ஒரு ஜீப் பிடிச்சு ஒரு வாரம் சுத்துவோம். பாலைவனம், மலை, புலி எல்லாம் இருக்கு. பிளான் நீயே போடு" என்றார்.

அன்றைக்கே பழைய கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஜெய்சல்மேரிலிருந்து புலிகள் இருக்கிற ரந்தம்பூர் ஒரு சாண்கூட இல்லை. "ஒரே நாள்ல போயிரலாம்ப்பா" என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஜோத்பூர் வரைக்குமே ரோட்டில் 280 கி.மீ. பக்கம். அங்கிருந்து இன்னும் 400-க்கு மேல். ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

டிசம்பர்தான் சரி என்றும் புரிந்தது. மே மாதம் அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் ரந்தம்பூரின் முக்கியமான பகுதிகளை மூடி வைப்பார்கள்.

முதல் நாள் பாலைவனத் தேசியப் பூங்கா. 3,000 சதுர கி.மீ.க்கும் மேல்! அங்கேதான் கானமயில் இருக்கிறது. உலகத்திலேயே ஏறக்குறைய 150தான் மிச்சம். பதினைந்து கிலோ வரை எடை இருந்தும் பறக்கும். ஆனால் நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாதாம், மின்கம்பியில் மோதிச் சாகிறது. இரண்டாம் நாள் அகல் என்ற இடம். 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மணல்காட்டில் ஒரு காலத்தில் மரக்காடு!

மூன்றாம் நாள் ஜோத்பூர் பக்கத்திலுள்ள கேஜர்லி. இதை நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன். 1730-ல் ராஜாவின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற அம்மா மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரையும் வெட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து மொத்தம் 363 பேர் உயிர் விட்டார்கள். அது என்ன மரம் தெரியுமா? நம்மூர்க் கோயில்களில் இருக்கிற வன்னி மரம்தான்! அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் அபு மலை. அதன் உச்சி குரு ஷிகர் 1,722 மீட்டர். (நம்ம தொட்டபெட்டா 2,637. சும்மா சொல்லி வைக்கிறேன்.) கடைசியில் ரந்தம்பூர். எனக்குப் புலி, அம்மாவுக்குப் பிள்ளையார். அங்கே கோட்டைக்குள் இருக்கிற பிள்ளையாருக்குக் கல்யாணப் பத்திரிகைகளைத் தபாலில் அனுப்புகிறார்கள்.

எல்லாம் எழுதி முடித்து ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்ட ஆச்சி, "எல்லாம் சரி. எனக்கு எத்தனை நாளு?" என்றாள்.

அங்கேயே கூட்டிக் கழித்தேன். ரயிலில் ஊருக்கு வர மூன்று நாள், அப்பா திரும்பிப் போக மூன்று நாள். சுற்றுவதற்கு ஏழு. பதினைந்தில் மிச்சம் இரண்டு. ஆச்சி அப்பாவைப் பார்த்தது போன சித்திரையில். மூட்டு வலியோடு மூன்று நாள் ரயிலில் வரவும் முடியாது. "ரெண்டு" என்று சொன்னேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி நோட்டை எடுத்து ரந்தம்பூரை அடித்தேன். அபு மலையையும் அடித்தேன். புலியை அடிக்கும்போது அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது பயணம் மூன்றே நாள், ஆச்சிக்கு ஆறு நாள். அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன்லே" என்றார்.

வகுப்பாசிரியருக்கு ஒரு நல்ல செய்தி. போக, வர, சுற்ற எல்லாம் சேர்த்து அரையாண்டு விடுமுறை ஒன்பது நாளுக்குள் அடங்கிவிட்டது. நான்கு நாள் லீவ் லெட்டர் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன் ஐயா.

அம்மாவுக்குத்தான் பிள்ளையாரைப் பார்க்க முடியவில்லையே என்று குறை. "தபால்லதான் எல்லாரும் எழுதுதாவளாம்லா, நாமளும் ஒரு கார்டு போட்டா என்ன?" என்றாள் ஆச்சி. தமிழில் எழுதினால் படிப்பாரா என்று அம்மா கேட்டாள். "அவருக்குத் தெரியாத தமிழா?" என்று ஆச்சி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. 'புலியையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று நானே சேர்த்துவிட்டேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்