சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

தென்கச்சி கோ. சுவாமிநாதனை வானொலி நேயர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வேளாண்மை பயின்று, சில காலம் உழவு செய்து, ஊராட்சித் தலைவராகவும் இருந்து, 1977-இல் திருநெல்வேலி வானொலியில் சேர்ந்தவர் அவர். பின்னர் சென்னை நிலையத்தில் 1988 முதல் 2002 வரை ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். பட்டாபிராமில் எங்களுக்கு அது மின்சார இரயிலுக்குப் புறப்படும் நேரத்தையும் சொல்லிற்று.

கருத்தளவில் அவரைப் பழமை பேணுபவர் என்றே சொல்லலாம். பெற்றோரைப் பேணுதல், பொறுமை, போதுமென்ற மனம் ஆகிய பாட்டன் காலத்து அறங்களையே போதித்தார். ஆனால் சொன்ன விதம்! அவசரமே இல்லாத கிராமத்துக் குரலில் கதையை நடத்திச் செல்வார். கடைசி வரியில் நாம் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார். கதையின் அசடனாகப் பல நாள் தம்மையே நிறுத்திக்கொள்வார்.

அதே 1988 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரஷ் லிம்பா என்பவர் நாடு தழுவிய வானொலிப் பேச்சைத் தொடங்கினார். சர்ச்சைக்குரியவற்றில் மறுதரப்புக்கும் இடம் தரவேண்டும் என்ற விதி அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே கைவிடப்பட்டிருந்தது. அவரும் பழைய மதிப்பீடுகளுக்காகவே வாதாடினார், வார நாள்தோறும் மூன்று மணி நேரம். திறமைசாலி, நகைச்சுவையும் உண்டு. ஆனால் அசடன் எப்போதும் எதிர்த்தரப்பில் இருந்தான். பெண்ணுரிமை பேசியோரை நாஜிகளோடு இணைத்துப் பெயரிட்டார். 2001-இல் செவித்திறன் போனபின், நேயர் பேசுவதை எழுத்தாக்கித் திரையில் காட்டினார்கள், பேச்சு தொடர்ந்தது. 2020-இல் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார்.

நம் நாட்டில் தனியார் வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இசைவில்லாததால் அத்தகையவர் வானொலியில் தோன்றவில்லை. கைப்பேசியில் தோன்றிவிட்டார்கள். தென்கச்சியாரை ஒருநாளும் தவறவிடாத என் சித்தப்பா, இப்போது காலை முதல் அத்தகைய குரல் ஒன்றைக் கேட்கிறார். அதைப் பற்றிய வாக்குவாதத்தில் மகனோடு பேச்சு நின்று எட்டு மாதமாகிறது. இருவரும் ஒரே வீட்டில்தான் உண்கிறார்கள்.

தென்கச்சியார் 2009 செப்டம்பர் 16 அன்று காலமானார். அவருடைய தகவல்கள் நூல் தொகுதிகளாக உள்ளன. ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

“கண் தெரியலைப்பா, நீயே படி” என்றார்.

படித்தேன். அந்த இழுவை எனக்கு வரவில்லை. இருந்தும் இரண்டாவது கதையின் முடிவில், அடுத்த அறையிலிருந்து தம்பி சிரித்தது கேட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. “இன்னொண்ணு படி” என்றார்.