876 அடிக்குக் கீழே ஆறு

ஃபயட்வில் ஊரில் காரை நிறுத்த இருபது டாலர். அங்கிருந்து ஷட்டில் பஸ். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை; குளிரில் விரல்கள் மரத்துப்போயின. மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் கார்ஜ் பாலத்தில் ஆண்டுக்கு இந்த ஒரு நாள்தான் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்களை நடக்கவிடுகிறார்கள். பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கவும் இன்றுதான் அனுமதி. பாலம் 1977-ல் திறக்கப்பட்டது. ‘பிரிட்ஜ் டே’ என்னும் இந்த விழா 1980-ல் தொடங்கியது.

பாலத்தின் நீளம் 3,030 அடி. கூட்டத்தில் அதைக் கடக்கவே வெகுநேரம் ஆனது. வழியில் ஆறு டாலருக்கு ஒரு பெப்பரோனி ரோல் வாங்கினேன். இந்த மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போன பண்டம். இறைச்சியின் காரமான எண்ணெய் ரொட்டிக்குள் ஊறியிருந்தது. கைப்பிடிச் சுவரருகே எட்டிப் பார்த்தேன். ஆறு 876 அடி கீழே. ரப்பர் படகுகள் அரிசிமணி அளவில் தெரிந்தன. பாலத்தின் எஃகு முழுக்கத் துருவின் பழுப்பு. பெயின்ட் கிடையாது, அந்தத் துருப் படலமே உள்ளே இருக்கும் எஃகைக் காக்கிறது.

குதிக்கும் மேடையருகே நெருக்கியடித்து நின்றேன். ஒருவர் நுனியில் நிற்கிறார், அடுத்த நொடி ஆளைக் காணோம். பிறகு கீழிருந்து துணி விரியும் ‘படார்’ சத்தம். “எட்டு விநாடி அப்படியே விழுவாங்க” என்றார் பக்கத்தில் நின்றவர். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன். மூன்று, சிலருக்கு நான்கு. அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. எட்டு விநாடி என்றால் ஆறே வந்துவிடும்.

அதற்குப் பிறகு என் கண் வரிசையில் நின்றவர்கள் மேலேயே இருந்தது. வார்களை இழுத்துப் பார்க்கிறார்கள். வேறொருவரைக் கூப்பிட்டு முதுகுப்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய துணியை வெளியே இழுக்கும் சின்னக் குடையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்து, விரல்களால் மறுபடி மறுபடி தடவுகிறார்கள். 1966-ல் எல் கேப்பிடன் பாறையிலிருந்து முதன்முதலாகக் குதித்த இருவரில் ஒருவரான பிரையன் ஷூபர்ட், 2006-ல் இதே விழாவில் பாராசூட் தாமதமாக விரிந்து இறந்தார். துணிச்சல் என்றால் எனக்கு இனி அந்த விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

கீழே போகும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து இறங்கியது. பள்ளத்தாக்கில் ஆற்றைக் கடக்கும் பழைய சின்னப் பாலத்துக்கு டன்னி ஹன்சேக்கர் பெயர்: ஃபயட்வில் போலீஸ் தலைவராக இருந்தவர், 1960-ல் முகமது அலியின் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் எதிரே நின்றவர்.

எல்லோரும் கரையில்தான் இறங்குவார்கள் என்று மேலே ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் பார்த்தபோது பலர் தண்ணீரில் விழுந்தார்கள். காற்று கொஞ்சம் தள்ளினாலும் கரை தப்பிவிடுகிறது. மீட்புப் படகுகள் ஓயாமல் ஓடின. பாறைகளெங்கும் சிவப்பும் நீலமுமாக ஈரத்துணிகள் காய்ந்தன.

நனைந்து வந்த ஒரு பெண்ணிடம், ஆபத்துக்கு இன்னொரு பாராசூட் வைத்துக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டேன்.

“அதைத் திறக்க இங்கே உயரம் ஏது?”

விழா மூன்று மணிக்கு முடிந்துவிடும். உலர்ந்த பாராசூட் ஒன்றை மேலே மடித்து வைத்திருக்கிறாராம். துணியை வாரி அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.