வெள்ளாற்றின் கடைசி அணைக்கட்டு

கோபுரத்தையும் கோட்டையையும் வைத்து ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் சேத்தியாத்தோப்பில் நிற்பதில்லை. சுற்றிலும் சிதம்பரம், ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் என்று பெரிய பெயர்கள் இருக்க, நாற்சந்தியும் கடைத்தெருவுமான இந்தப் பேரூராட்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அணைக்கட்டு இருக்கிறது என்பேன். அதன் அருமை வெள்ளாற்றை மேலிருந்து தொடர்ந்து வந்தால்தான் தெரியும். ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும் தெற்கிலிருந்து வரும் சுவேத நதியும் கலந்து வெள்ளாறாகின்றன. தொழுதூர் அணைக்கட்டு அதன் தண்ணீரை வெலிங்டன் ஏரிக்குத் திருப்புகிறது. பிறகு பெலாந்துறை அணைக்கட்டு. கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வந்து சேர்கிறது. ஆனாலும் இது மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரைபுரண்டு, கோடையில் வெறும் மணலாகிவிடும்.

இப்படிப்பட்ட ஆற்றுக்குச் சேத்தியாத்தோப்பில் காவிரி கைகொடுக்கிறது. காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு புறப்பட்டு, பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியை நிரப்புகிறது. ஏரியின் உபரி நீர் வெள்ளாற்றில் இறங்கி இந்த அணைக்கட்டுக்கு வர, இங்கே பிரியும் வெள்ளாற்று ராஜன் வாய்க்கால் கீழ்ப்பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. சோழர் வேலையும் வெள்ளைக்காரர் காலத்து வேலையும் ஒரே நீரோட்டத்தில் இன்றும் உழைக்கும் இடம் இது. இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் ஒரு சிற்றூருக்கு எதற்கு? 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்துச் சென்னைக்கும் போகிறது.

ஊரை வளர்த்தது சாலைதானே என்று மறுப்பவர்கள் உண்டு. விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் இங்கே சந்திப்பது உண்மை. பேருந்து மாறுகிறவர்களால் கடைகளுக்கு வியாபாரம் நடப்பதும் உண்மை. ஆனால் பேருந்து ஆட்களைத்தான் இறக்கும். நெல்லையும் கரும்பையும் விளைவிப்பது தண்ணீர். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கே அமைந்ததற்குச் சாலைச் சந்திப்பு மட்டும் காரணமாக முடியாது. அரைக்கக் கரும்பு வேண்டுமே. சாகுபடி பொய்த்த வருஷத்திலும் பேருந்துகள் வரும், கடைத்தெருவில் கொள்முதல் இருக்காது.

அணைக்கட்டின் மதிப்பை அதற்குக் கீழே உள்ள ஆறே காட்டிவிடுகிறது. ராகவேந்திரர் பிறந்த புவனகிரியைத் தாண்டி, 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும்வரை, தண்ணீரை மறிக்க வேறு அணைக்கட்டு இல்லை. ஆற்றில் வரத்து குறைந்தால் கடல்நீர் ஏறிவந்து கரையோர நிலத்தடி நீரை உப்பாக்குகிறது. ஆதிவராகநல்லூர்ப் பக்கம் ஒரு தடுப்பணை வேண்டும் என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். செலவாகும், வெள்ளக் காலத்தில் தண்ணீர் வடியாது என்ற தயக்கம் நியாயமானதுதான். மதகுகளோடு கட்டினால் வெள்ளத்தைத் திறந்துவிடலாம். உப்பேறிய நிலத்தைத் திருத்துவதற்குத்தான் ஒரு தலைமுறை பிடிக்கும்.